‘ஸியெம’ என்ற சொல்லும் பன்னிரண்டு நிமிடங்களும்

என் செல்ல அம்மாவுக்கு,

நீங்கள் இல்லாமல் தொடங்கிய முதல் குளிர்காலத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டார்கள் அம்மா. நீங்கள் பதினெட்டு வருடம் வேலை செய்த அதே பராமரிப்பு இல்லத்தில், சாப்பாட்டு மண்டபத்துக்குப் போகிற வழியில். பஞ்சில் செய்த பனித்துகள்களைச் சுற்றிலும் ஒட்டியிருக்கிறார்கள். கீழே பொன்னிற எழுத்தில் ‘ஹாப்பி ஸியெம’ என்று இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. அழுகை வந்திருந்தால் நல்லது என்று பிறகு நினைத்தேன்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்த சிலவற்றை நான் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். சொன்னதையே திரும்பக் கேட்பதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

ஸியெம என்பது லத்விய மொழியில் குளிர்காலம். அதை உங்களுக்குத் தந்தவர் வெல்டா. இரண்டாம் மாடியில் யன்னலோரக் கட்டிலில் இருந்தவர். அறுபது வருடம் கனடாவில் பேசிய ஆங்கிலம் மறதி நோயில் ஒவ்வொன்றாக உதிர்ந்து, கடைசியில் சிறு வயதுப் பாஷை மட்டும் மிஞ்சியிருந்தது. காலையில் கண் விழித்ததும், உடுப்பு மாற்றும்போதும், சாப்பாட்டுக்கு இடையிலும் ஒரே கேள்வி. ‘வை யவ் ஸியெம?’ அவருடைய பதிவேட்டில் ‘அர்த்தமற்ற ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறார்’ என்று எழுதியிருந்ததாம். ஒலிக்கு ஒரு மாத்திரையும் எழுதப்பட்டிருந்தது.

நீங்கள் ஒருவர்தான் அது என்ன சொல் என்று கேட்டீர்கள். வாகனத் தரிப்பிடத்தில் வெல்டாவின் மகள் இல்ஸேயை மறித்து நிறுத்திக் கேட்டதாகச் சொன்னீர்கள். ‘குளிர்காலம் வந்துவிட்டதா?’ இவ்வளவுதான் அந்த ஒலியின் அர்த்தம்.

அன்றைக்குத்தான் கொப்பியைத் தொடங்கினீர்கள். நீல மட்டை, கோடு போட்ட கொப்பி. தமிழ் எழுத்தில் லத்வியம். அந்தச் சொல்லின் முதல் ஒலி நம் எழுத்துக்குள் வராது என்பதால் ‘ஸ’வுக்கு மேலே ஒரு சின்னத் தேனீயை வரைந்திருக்கிறீர்கள். இரைந்து சொல்ல வேண்டும் என்று உங்களுக்கு நீங்களே வைத்த அடையாளம். கொப்பி முழுக்கத் தேனீக்கள் அம்மா. நீங்கள் போன பிறகுதான் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அந்தச் சொல் எப்படியெல்லாம் புழங்கும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். கடைசி எழுத்தை நீட்டினால் போதும், ‘குளிர்காலத்தில்’ என்றாகிவிடும். நாம் ஓர் ‘இல்’ சேர்த்துச் செய்வதை அவர்கள் மூச்சை நீட்டிச் செய்கிறார்கள். கிறிஸ்மஸுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘குளிர்காலத்துப் பண்டிகைகள்’. வடக்குத் திசைக்கு ‘ஸியெமெலி’. அதன் பக்கத்தில் சிவப்புப் பேனையால், ‘எங்களுக்கு வடக்கில இருந்து வாடை வந்தது. இவைக்கு வாடையில இருந்து வடக்கு வந்திருக்கு’ என்று எழுதி, ஒரு சிரிப்பு முகமும் போட்டிருக்கிறீர்கள். திருகோணமலையில் வாடைக் காலத்துக் கடலைப் பார்த்து வளர்ந்தவர் எழுதுகிற குறிப்பு அது. நான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்தவள். எனக்கு அது தோன்றியிருக்காது.

உங்களுக்கு ஒரு செய்தி வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு சொற்பிறப்பு அகராதியில் பார்த்தேன். ஸியெமவும் சமஸ்கிருத ‘ஹிம’வும் ஒரே வேர். இமயம் என்ற பெயருக்குள் இருக்கிற பனியும் வெல்டாவின் வாயிலிருந்த பனியும் ஒன்று. சொல்ல வேண்டும் என்று தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு வைத்துவிட்டேன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். மற்றவர்களை மட்டும் அருவருப்பது சுலபம்.

அந்தச் சொல்லைக் கற்ற அன்று இரவுச் சாப்பாட்டில் நீங்கள் சொன்னீர்கள். “இண்டைக்கு ஒரு சொல்லுப் படிச்சனான் பிள்ளை. சொல்லட்டோ?”

நான் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. “அம்மா, கை வடிவாக் கழுவினீங்களோ?” என்று கேட்டேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உங்கள் சீருடையின் மணம் எனக்குப் பிடிக்காது. கிருமிநாசினியும் அதற்கு அடியில் வேறு என்னவோவும். கராஜுக்குள்ளேயே அதைக் கழற்றி வைத்துவிட்டு வரச்சொல்லிச் சட்டம் போட்டிருந்தேன். சிநேகிதிகளிடம், அம்மா சுகாதாரத் துறையில் இருக்கிறா என்று மட்டும் சொல்வேன். அன்றைக்கு மடியில் இருந்தது நாடிழந்தவர்களைப் பற்றிய புத்தகம். அழுது அழுது அடிக்கோடிட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள், “ஓம், கழுவினனான்” என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்த் திரும்பவும் கழுவினீர்கள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் இப்போதும் கேட்கிறது.

வெல்டா ஏன் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதையும் கொப்பியிலிருந்துதான் அறிந்தேன். பெரிய யுத்தம் முடிகிற காலம். ஆறு வயது வெல்டாவையும் தாயையும் கப்பலில் ஏற்றிவிட்டுத் தகப்பன் கரையில் நின்றாராம். எப்போது வருவீர்கள் என்று கேட்டதற்கு ஒரே சொல், கடைசி எழுத்தை நீட்டி. குளிர்காலத்தில். அவர் வரவில்லை. ஒரு முழு வாழ்க்கை கழிந்து, கணவனின் பெயர்கூட மறந்த பிறகும், அந்தத் தவணையை மட்டும் வெல்டா மறக்கவில்லை.

ஆடி மாத வெயிலிலும் கேட்பார். ‘ஓம் எண்டு சொல்லிச் சமாளியுங்கோ’ என்று மற்றவர்கள் சொன்னார்களாம். நீங்கள் சொல்லவில்லை. கோடை என்றால் கோடை என்றே சொன்னீர்கள். மார்கழியில் ‘ஓம், ஸியெம’ என்று சொல்லி, வீல்செயாரை யன்னலடிக்குத் தள்ளிக்கொண்டு போய், கூட நின்றீர்கள். அவர் கீழே பனி மூடிய கார்களைப் பார்த்துக்கொண்டே இருப்பார். களைத்துத் தலை சாயும்வரை நிற்பீர்கள்.

அதற்கு எடுத்த நேரம் பன்னிரண்டு நிமிடம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதற்காக இல்லம் உங்களுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தில் இருக்கிறது. உங்கள் அலுமாரியில் கடவுச்சீட்டுகளுக்கு அடியில் மடித்து வைத்திருந்தீர்கள். காலைப் பராமரிப்புக்கு ஒதுக்கிய நேரத்தைவிடப் பன்னிரண்டு நிமிடம் அதிகமாக, வேலைக்குத் தொடர்பில்லாத உரையாடலில் செலவிட்டது முதலாவது குற்றம். குடியிருப்பாளரைப் பற்றிச் சொந்தக் கொப்பியில் குறிப்பு எழுதியது இரண்டாவது. கீழே மேற்பார்வையாளரின் கையெழுத்து. அதற்குக் கீழே ‘தவறை ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற வரி. அங்கே உங்கள் கையெழுத்து, தமிழில்.

மேற்பார்வையாளர் சுபா அன்ரி. உங்கள் செத்தவீட்டில் என் தோளில் சாய்ந்து என் சட்டையை நனைத்தவர். இப்போது இல்லத்தின் முகாமையாளர்.

போன மாதம் அவர் அழைத்தார். “பிள்ளை, அம்மான்ர பேரில ஒரு சுவர் திறக்கிறம். எல்லாரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அந்தக் கொப்பியையும் மறக்காமக் கொண்டு வாங்கோ, என்ன? கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப்போறம். புதுசா வேலைக்கு வாற ஆக்களுக்குக் காட்டலாம். விளம்பரப் புறோசரிலயும் போடலாம்.”

“உந்தக் கொப்பியை எழுதக் கூடாது எண்டு சொன்னீங்கள் தானே அன்ரி?”

“அது அப்ப, பிள்ளை,” என்றார் அவர். குரலில் ஒரு சுருக்கமும் இல்லை.

போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அப்பா விடவில்லை. எங்கள் அஜக்ஸ் நகரம் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். கோட் சூட்டை ட்ரை கிளீனுக்குக் கொடுத்துவிட்டார். “கொம்மாக்கு ஒரு நாளும் ஒரு மேடை கிடைக்கேல்லை பிள்ளை. இதையாவது குடு” என்றார்.

போன ஞாயிறு போனோம். வெளியே முதல் பனி. மண்டபத்தில் முதியவர்கள் எல்லாருக்கும் சிவப்புத் தொப்பி போட்டு, வீல்செயார்களை வரிசையாக உங்கள் சுவருக்கு முகம் காட்டி நிறுத்தியிருந்தார்கள். யாரிடமும் கேட்டுப் போட்ட தொப்பிகளாகத் தெரியவில்லை. இல்ஸேயும் வந்திருந்தார். வெல்டா போய் மூன்று வருடமாகிறது. இல்ஸேவுக்கு இப்போது அறுபதுக்கு மேல்.

“வாங்கோ வாங்கோ அண்ணை!” என்று சுபா அன்ரி அப்பாவின் கையைப் பிடித்தார். “பிள்ளை, அப்பிடியே அம்மான்ர முகம். இரண்டு நிமிசம் பேசினாக் காணும். கொப்பியில இருந்து ஒரு சொல்லு, ஒரு சின்னக் கதை. கண்ணில தண்ணி வந்தாலும் பரவாயில்லை. பிறகு உதில ஒரு கையெழுத்து.”

கொப்பியையும் உங்கள் படத்தையும் கதையையும் இல்லம் விரும்பியபடி பயன்படுத்தலாம் என்ற பத்திரம். பேனையையும் அதன் மேலேயே வைத்திருந்தார்.

இல்ஸே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இப்படி எவரும் சொல்வதில்லை” என்று மெல்ல ஆங்கிலத்தில் சொன்னார். “பண்டிகையைத்தான் வாழ்த்துவோம். குளிர்காலத்தை யாராவது வாழ்த்துவார்களா? அதுவும் என் அம்மாவுடைய குளிர்காலத்தை?”

நான் அதைச் சுபா அன்ரியிடம் சொன்னேன்.

“அட, ஆர் பிள்ளை உதையெல்லாம் பாக்கப்போகினம்? ஒரு ஃபீலிங் வந்தாச் சரி. லத்வியாக்காரர் இப்ப இஞ்ச ஒருத்தரும் இல்லை.”

அம்மா, இதோடு முடிந்திருந்தால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன். என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் குரல் எழுப்புகிறவள் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறவள். கையெழுத்தையும் போட்டுவிட்டு வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அப்போதுதான் கேட்டது. “கால்… பிள்ளை, கால்… கால்…”

தமிழில். முன்வரிசையில், உங்கள் படத்துக்கு நேர் கீழே, மூக்குவரை இறங்கிய தொப்பியோடு ஒரு ஐயா. கேக் வெட்டிக்கொண்டு நின்ற பணிப்பெண் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாள் முழுக்க இதே சத்தம்தான் என்று ஆங்கிலத்தில் யாருக்கோ சொன்னாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அவளுக்குத் தமிழ் தெரியாது.

சுபா அன்ரிக்குத் தெரியும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அவர் எப்பவும் அப்பிடித்தான். கேக்கைக் குடுத்தா அடங்கிடுவார்” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். ஐயாவின் இடது கால் மிதிபலகையிலிருந்து வழுக்கி, முன்சில்லுக்கும் இரும்புக்கும் இடையில் மடிந்து கிடந்தது. யாரோ சிந்திய பழரசத்தில் காலுறை நனைந்து தோலோடு ஒட்டியிருந்தது. மணந்தது. முழந்தாளிட்டு, சில்லைப் பின்னுக்கு நகர்த்தி, காலை எடுத்து என் மடியில் வைத்து, காலுறையைக் கழற்றினேன். கணுக்காலில் சிவப்பாக ஒரு வரி ஓடியிருந்தது.

“நோகுதோ ஐயா?”

“நோகுது எண்டுதானே காலமை இருந்து கத்துறன்! உங்க ஒருத்தருக்கும் காது இல்லையோ?” தொப்பியை ஒரு விரலால் தூக்கி என்னை உற்றுப் பார்த்தார். “ஆற்ற பிள்ளை நீ?”

“பாக்கியத்தின்ர மகள்.”

“ஆ, பாக்கியமோ! அவ இருந்தா உப்பிடி விடமாட்டா. எங்க ஆளைக் காணேல்லை? இண்டைக்கு லீவோ?”

அவர் தலைக்கு மேலே நீங்கள் பஞ்சுப் பனிக்குள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

“ஓம் ஐயா,” என்றேன். “லீவு.”

வெல்டாவுக்கு நீங்கள் ஒரு நாளும் சொல்லாத பொய்யை நான் அரை நொடியில் சொல்லிவிட்டேன். சுபா அன்ரியைப் பார்த்து வந்த அருவருப்பு அப்படியே என் பக்கமும் திரும்பியது. சமாளிப்பது இவ்வளவு இலகுவா? எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்களா?

என் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். ஒலிவாங்கிக்கு நான் போகவில்லை. சுபா அன்ரியிடம் போனேன். கைப்பைக்குள் கொப்பியோடு அந்த எச்சரிக்கைக் கடிதத்தையும் கொண்டுபோயிருந்தேன். ஏன் கொண்டுபோனேன் என்று அதுவரை எனக்கே தெரியாது. கடிதத்தை விரித்துப் பத்திரத்தின் மேல் வைத்தேன்.

“இதையும் அம்மான்ர படத்துக்குப் பக்கத்தில மாட்டுங்கோ அன்ரி. இப்பவே கையெழுத்து வைக்கிறன்.”

முகம் மாறியது. குரல் மாறவில்லை. “உதெல்லாம் உள்வீட்டு விசயம் பிள்ளை. நல்ல நாளில ஏன் கிளறுறீங்கள்? நானும் ஒரு ஆளுக்குக் கீழதானே வேலை செய்யிறன்.”

“அந்த ஐயாவுக்குக் கால் வீங்கியிருக்கு அன்ரி. நேர்ஸைக் கூப்பிடுங்கோ.”

“கூப்பிடுறன், கூப்பிடுறன். முதல்ல உதை முடிப்பம்.”

முடிக்கவில்லை. நேர்ஸை நானே தேடிக் கூட்டிவந்து காலைக் காட்டினேன். பிறகு கொப்பியையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாகனத் தரிப்பிடத்தில், நீங்கள் மறித்த அதே இடமாக இருக்கலாம், இல்ஸே என்னை மறித்தார். கொப்பியைப் பார்க்கலாமா என்று கேட்டார். பனி விழ விழ, தன் தாயின் பெயர் எந்த எழுத்து என்று கேட்டு, அதைத் தொட்டுப் பார்த்தார். தேனீ எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அந்த ஒலியை எனக்குச் சொல்லிக் காட்டினார், பல்லுக்குள் இரைகிற மாதிரி. எனக்கு வரவில்லை. உங்களுக்கு நன்றாக வந்ததாம். வெல்டாவின் பக்கங்களைப் பிரதி எடுத்து மறுநாளே அவருக்கு அனுப்பிவிட்டேன்.

அப்பா காரை நாலு-ஓ-ஒன்று நெடுஞ்சாலையில் ஏற்றினார். பிக்கரிங் தாண்டியதும் தொடங்கினார். “ஏன் பிள்ளை உப்பிடிச் செய்தனி? அத்தனை சனத்துக்கு முன்னால.”

“அந்தக் கடிதத்தை வாசிச்சனீங்களோ அப்பா?”

அப்பா வைப்பரை வேகமாக்கினார். “நான்தான் போடச் சொன்னனான்,” என்றார்.

“எதை?”

“கையெழுத்தை. கொம்மா போடமாட்டன் எண்டு நிண்டவ. பிழை செய்யேல்லை, ஏன் போட வேணும் எண்டு கேட்டவ. வேலை போயிடும், போட்டுட்டு வா எண்டு நான்தான் கத்தினனான்.” புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, “அண்டைக்கு இரவு அவ சாப்பிடேல்லை” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை அம்மா. வந்திருக்க வேண்டுமா? கோட் சூட்டோடு அழுதுகொண்டு கார் ஓட்டுகிற ஒரு மனிதரோடு என்ன செய்வது? வீடு வந்ததும் அந்தக் கோட்டைக் கராஜுக்குள்ளேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

நேற்றுச் சுபா அன்ரி குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். ‘பிள்ளை, நீங்கள் குறை சொன்ன அந்தச் சொல்லை எடுத்தாச்சு. இப்ப வெல்கம் எண்டு போட்டிருக்கு. சந்தோசம் தானே? பத்திரத்தை ஈமெயிலிலயும் அனுப்பலாம்.’ கீழே கைகூப்பிய பொம்மைகள் மூன்று. உங்கள் படம் அங்கேயே இருக்கட்டுமா, எடுக்கச் சொல்லட்டுமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எடுத்தால் ஐயா உங்களை எங்கே பார்ப்பார்? இருந்தால் நீங்கள் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள்?

இன்னும் ஒன்று. யன்னலடியில் வெல்டாவோடு நின்ற நேரங்களில் நீங்களும் யாரையாவது பார்த்துக்கொண்டு நின்றீர்களா? திருகோணமலையிலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத யாராவது? கொப்பியில் அது இல்லை. நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கை கழுவினீர்களா என்று மட்டும்தான் கேட்டேன்.

இல்லத்தில் தொண்டர்களுக்கான விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பினேன். அனுமதித்துவிட்டார்கள். ஆள் தட்டுப்பாடு, என் பெயரைக்கூட ஒழுங்காக வாசித்திருக்க மாட்டார்கள். அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவதை நினைத்தால் இப்போதும் அருவருப்பாக இருக்கிறது. அந்த மணத்துக்காக இல்லை. மணம் எனக்குப் பழகிவிட்டது. உங்கள் சீருடை ஒன்றை நான் இன்னும் துவைக்காமல் வைத்திருக்கிறேன்.

போய் முதலில் ஐயாவின் காலைப் பார்ப்பேன். பிறகு, நீங்கள் லீவில் இல்லை என்ற உண்மையைச் சொல்வேன். மறந்துபோய் அடுத்த முறையும் கேட்டால் அடுத்த முறையும் அதையே சொல்வேன். சொல்லிவிட்டு, எவ்வளவு நேரம் எடுத்தாலும் பக்கத்தில் இருப்பேன்.

குளிர்காலத்தில் வருகிறேன் என்று அவரிடமும் சொல்லமாட்டேன், உங்களிடமும் சொல்லமாட்டேன். அந்தச் சொல்லை நீட்டி ஒருவர் கொடுத்த வாக்கு என்னவானது என்று நம் இருவருக்கும் தெரியும். சனிக்கிழமை, காலை பத்து மணி. வருவேன் அம்மா.

இப்படிக்கு,
பாக்கியத்தின்ர மகள்